அண்ணனின் சட்டை, உங்கள் ரீல்: தொளதொள ஆண் உடையை அழகாக உடுத்திப் படமெடுக்க

அண்ணனின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் எடுத்த முதல் வீடியோவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீடியோவிலோ, முடிவெட்டக் கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தி உட்காரவைத்த ஆள் மாதிரி இருந்தேன். சட்டையில் குறை இல்லை. அதை அப்படியே தொங்கவிட்டதுதான் குறை.

நேரில் பார்க்கும்போது துணிக்குள் ஓர் உடல் இருப்பது அசைவிலும் ஆழத்திலும் தெரிந்துவிடும். கேமரா அந்த ஆழத்தைத் தட்டையாக்கிவிட்டு வெளிக்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தக் கோடு தோளிலிருந்து தொடைவரை ஒரே நேராக இறங்கினால், உள்ளே இருப்பது நீங்களா, நாற்காலியா என்றுகூடச் சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்யப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, சட்டையை எல்லாப் பக்கமும் பிடித்து இறுக்கித் தன் அளவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது. அப்படிச் செய்தால் பெரிய சட்டை போட்டதற்கே பொருள் இல்லை. மெலிந்த இடங்களில் ஒன்றிரண்டைத் தெரியவிட்டு, மீதியைத் தொளதொளவென்றே விட்டுவிடுங்கள். மணிக்கட்டு, கழுத்தெலும்பு, இடுப்பு, கணுக்கால் இந்த நான்கில் இரண்டு தெரிந்தால் போதும். மெல்லிய மணிக்கட்டு பெரிய சட்டைக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்போது அது இன்னும் மெலிதாகத் தெரியும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வேலையும் இந்த ஒன்றைச் செய்வதற்குத்தான்.

எதை எடுப்பது

அலமாரியில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வராதீர்கள். முதலில் தோள்பட்டைத் தையலைப் பாருங்கள். உங்கள் தோள் எலும்பிலிருந்து நான்கு விரல் அகலம் வரை அது கீழே இறங்கியிருந்தால் அழகு. மேல்கையின் பாதிக்கு வந்துவிட்டால் படுக்கையிலிருந்து எழுந்து வந்தது போலிருக்கும். நீளத்தையும் அகலத்தையும் மறைக்க வழி உண்டு, தோளை மறைக்க வழியே இல்லை.

அடுத்தது துணி. பாப்லின் போன்ற மொடமொடப்பான பருத்தி, காற்றடைத்தது போல் உப்பி நிற்கும். அது வேண்டுமென்றே செய்தால் நன்றாக இருக்கும், தெரியாமல் செய்தால் கூடாரம். ரேயான் கலந்த துணி உடலோடு வழிந்து இறங்கும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுதான் எளிது. லினன் பத்து நிமிடத்தில் கசங்கும். ஆனால் அந்தக் கசங்கலே அதன் குணம் என்பதால் மன்னித்துவிடலாம். பலமுறை துவைத்து மென்மையாகிப்போன பழைய சட்டை கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் வேண்டாம். நேரில் அழகாக இருக்கும். வீடியோவில் கோடுகள் தண்ணீர் போல நெளியும். கேமராவின் புள்ளிகளும் துணியின் கோடுகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. எடுத்த பிறகு எந்தச் செயலியாலும் அதைச் சரியாக நீக்க முடியாது. வேறு சட்டையே இல்லையென்றால் கேமராவை ஓரடி முன்னாலோ பின்னாலோ நகர்த்திப் பாருங்கள்.

சட்டைக்காரரிடம் கேட்டு எடுங்கள். "படம் எடுக்கப் போடப்போகிறேன், இணையத்தில் வரும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடுத்த உடனே நான்கு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருந்த கறை உங்கள் தலையில் விழாது. பாக்கெட்டின் மேல் வேலை செய்யும் இடத்தின் பெயரோ, பெயரின் முதல் எழுத்தோ தைத்திருந்தால் அந்தச் சட்டையை விட்டுவிடுங்கள். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று ஊருக்கு அறிவிக்க நீங்கள் யார்?

இரவல் என்பதால் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது, சாயம் பூசக் கூடாது. செய்வதெல்லாம் ஐந்து நிமிடத்தில் அவிழ்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனக்கு இது குறையாகவே தோன்றியதில்லை. வெட்டலாம் என்றிருந்தால் முதல் நாளே கத்தரிக்கோலைத் தூக்கியிருப்பேன், மடிக்கக் கற்றிருக்க மாட்டேன்.

சட்டை: கையிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் இடுப்பில் தொடங்குகிறார்கள். நான் சட்டைக்கையில் தொடங்கச் சொல்வேன். கை சரியாக மடிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரல் நுனிவரை தொங்கும் கையோடு வேறு என்ன செய்தாலும் எடுபடாது.

சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றினால் முழங்கையில் மோதிரம் போல் தடித்துவிடும். இப்படிச் செய்யுங்கள்:

1. கஃப் பட்டனை, அதாவது மணிக்கட்டுப் பட்டியில் இருக்கும் பட்டனை, கழற்றுங்கள். அதற்கு மேலே கைப்பிளவில் சின்னதாக இன்னொரு பட்டன் இருக்கும், அதையும்.
2. கஃப்பைப் பிடித்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி, முழங்கைக்குச் சற்று மேல் வரை ஒரே இழுப்பில் மடித்து ஏற்றுங்கள்.
3. இப்போது கீழே ஒரு மடிப்பு விளிம்பு இருக்கிறதல்லவா, அதை மேல்நோக்கி மடித்துக் கஃப்பின் பெரும்பகுதியை மூடுங்கள். கஃப்பின் நுனி மட்டும் வெளியே தெரியட்டும்.
4. முழங்கைக்குக் கீழே மூன்று விரல் அளவில் அது நிற்க வேண்டும். வழுக்கி இறங்கினால், மடிப்பதற்கு முன்பே சட்டைக்கையைச் சுற்றி முழங்கைக்கு மேல் ஒரு மெல்லிய முடி ரப்பரைப் போட்டுக்கொண்டு, மடிப்பை அதற்குள் செருகிவிடுங்கள்.

இரண்டு கையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை. கொஞ்சம் முன்பின் இருந்தால்தான் உயிரோட்டம்.

அடுத்தது கழுத்து. மேலே இரண்டு பட்டனைத் திறந்துவிட்டு, காலரின் பின்பகுதியைப் பிடித்துச் சட்டையை மொத்தமாக இரண்டு விரல் அளவு பின்னுக்குத் தள்ளுங்கள். முன்பக்கம் கழுத்தெலும்பு தெரியும், பின்கழுத்தில் காலர் சற்று விலகி நிற்கும். இந்த ஒரு அசைவுதான் இரவல் சட்டையை உங்கள் சட்டையாக்குகிறது. முடியைத் தூக்கிக் கட்டினால் இன்னும் நல்லது, பின்கழுத்தின் கோடு முழுதாகக் கிடைக்கும். முடி குட்டையாக இருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை.

பிறகு இடுப்பு. இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் என்னிடம் ஒரே மதிப்பு இல்லை.

பாதி உள்ளே, பாதி வெளியே விடுவதுதான் என் முதல் தேர்வு. முதலில் சட்டை முழுவதையும் பேண்டுக்குள்ளோ ஸ்கர்ட்டுக்குள்ளோ விட்டு, பெல்ட் போட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். எவ்வளவு துணி தானாக வெளியே வருகிறதோ, அவ்வளவு தளர்ச்சிதான் உங்களுக்குத் தேவை, கையை இறக்கினால் அது இடுப்பில் மென்மையாக வழிந்து நிற்கும். அதன்பிறகு பின்பக்கத்தை மட்டும் வெளியே இழுத்துவிடுங்கள். முன்னால் இடுப்பின் கோடு தெரியும், பின்னால் சட்டையின் நீளம் தொங்கும். பக்கத்தில் துணி அதிகமாக உப்பினால், அந்தப் பக்கத் தையலைப் பிடித்து இழுத்து, மிச்சத் துணியைப் பின்னோக்கி மடித்து உள்ளே செருகுங்கள். சீருடைக்காரர்கள் சட்டையை உடம்போடு ஒட்டவைப்பது இப்படித்தான்.

முடிச்சுப் போடுவது இரண்டாவது. எல்லோரும் செய்வது என்பதால் எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது, ஆனால் நீளமான ஸ்கர்ட்டோடு இன்னும் நன்றாகவே இருக்கிறது. கீழிருந்து மூன்று பட்டன்களைக் கழற்றி, இரு முனைகளையும் ஒரு முறை மட்டும் கட்டி, நுனிகளை முடிச்சுக்கு அடியில் செருகிவிடுங்கள். இரண்டு முறை கட்டினால் எலுமிச்சை அளவுக்குக் கட்டி நிற்கும்.

மூன்றாவது, சட்டையையே கவுன் போலப் போட்டு மேலே பெல்ட் கட்டுவது. பெல்ட்டுக்கு மேல் துணியைச் சற்று இழுத்துத் தளர்த்திவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் இடுப்பில் கயிறு கட்டிய மூட்டை. சட்டையின் கீழ்விளிம்பு வளைந்திருக்கும், பக்கவாட்டில் அது மிக மேலே ஏறும். உள்ளே அரைக்கால் லெகிங்ஸ் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தும் குனிந்தும் ஒரு முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும்.

முதுகுப்புறம் பைண்டர் கிளிப் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைப் பொம்மைகளுக்கும் விளம்பரப் படங்களுக்கும் துணியைப் பின்னால் பிடித்து ஊக்கு குத்துவது பழைய வழக்கம்தான். நின்ற இடத்தில் எடுக்கும் போட்டோவுக்குச் செய்யலாம். நடந்து திரும்பும் வீடியோவில் கிளிப் காட்டிக்கொடுத்துவிடும். அது மட்டுமல்ல, "இதே சட்டையை இப்படிப் போடுங்கள்" என்று கற்றுக்கொடுக்கும் வீடியோவில் முதுகில் ஆறு கிளிப்பை மறைத்து வைப்பது பார்ப்பவரை ஏமாற்றும் வேலை. போட்டால், போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி நின்று முதுகைக் காட்டினால் சிரிப்பும் கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயம். ஆண்கள் சட்டையில் போடுபவரின் வலது பக்கம் பட்டன், இடது பக்கம் காஜா. பெண்கள் சட்டையில் பெரும்பாலும் இது தலைகீழ். செல்ஃபி கேமரா இடவலத்தை மாற்றிக் காட்டினால் உங்கள் இரவல் சட்டை திடீரென்று பெண்கள் சட்டையாகிவிடும். சட்டைக்கு அதனால் ஒன்றுமில்லை, டீ-ஷர்ட்டில் எழுத்து இருந்தால்தான் வம்பு. கேமரா அமைப்பில் கண்ணாடிப் பிம்பத்தை நிறுத்திவிடுங்கள்.

கோட்

கோட்டில் தோள்தான் எல்லாம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தோள் என்பதால் சட்டையைப் போல வழியாது, அகலமாக அப்படியே நிற்கும். அந்த அகலம் நமக்கு உதவும். தோள் அகன்றால் இடுப்பு தானாகக் குறுகித் தெரியும். எனவே கோட்டை இறுக்காதீர்கள், பட்டன்கூடப் போட வேண்டாம். உள்ளே உடலோடு ஒட்டிய மெல்லிய மேலாடை ஒன்று போட்டு முன்பக்கத்தைத் திறந்து விட்டால், நடுவில் ஒரு நீண்ட செங்குத்துக் கோடு கிடைக்கும். ஆளை உயரமாகக் காட்டுவது அந்தக் கோடுதான்.

கையை மடிக்காமல் முழங்கைவரை தள்ளி ஏற்றுங்கள், நிற்காவிட்டால் முடி ரப்பர் இருக்கவே இருக்கிறது. கோட்டுக்கு மேல் பெல்ட் கட்டுவதைப் பலர் சொல்வார்கள். கனமான கம்பளிக் கோட்டில் அது சரிவராது, பெல்ட்டுக்குக் கீழே பாவாடை போல விரியும். மெல்லிய கோட்டானால் செய்து பாருங்கள்.

ஆண்களின் மாலை விருந்து உடையைப் பெண்ணுக்கென்று வெட்டித் தைத்து, 1966-ல் 'லே ஸ்மோகிங்' என்ற பெயரில் மேடையேற்றினார் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான். அதற்கு வெகுமுன்பே, 1930-களில், நடிகை மார்லேனே டீட்ரிஷ் கோட்டும் பேண்டும் டையுமாகப் படமெடுத்துக்கொண்டார். அந்தப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். நகையோ பூவேலையோ அதிகம் இருக்காது. புருவமும் உதடும் தெளிவாக வரையப்பட்டிருக்கும், ஒரு கை பாக்கெட்டில் இருக்கும், அவ்வளவுதான். பெண்மையைக் கூட்ட வேண்டும் என்று காதணி, சங்கிலி, ரிப்பன், குதிகால் செருப்பு என எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிக்கொள்பவர்களுக்கு நான் இந்தப் படங்களைத்தான் காட்டுவேன். அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காதணி.

பேண்ட்

இடுப்பு பெரிதாக இருப்பதுதான் இங்கே சிக்கல். பெல்ட் போட்டு இறுக்கினால் துணி முழுவதும் முன்னால் வந்து குவியும். அதனால் பெல்ட்டுக்கு முன்பே மிச்சத் துணியை இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிரித்து, முன்னால் பக்கத்துக்கு ஒரு மடிப்பாக மடித்துவிட்டு, அதன் மேல் பெல்ட்டைப் போடுங்கள். மடிப்பு வைத்துத் தைத்த பேண்ட் போலவே இருக்கும். பெல்ட் இல்லையென்றால் பின்பக்கத்தின் இரண்டு பெல்ட் வளையங்களை ஒரு ஷூ லேஸால் இழுத்துக் கட்டலாம், மேலே கோட் மறைத்துக்கொள்ளும். பேண்ட் கொடுத்தவரிடமே ஒரு டை இருந்தால் அதையும் கேட்டு வாங்கி பெல்ட்டாகக் கட்டுங்கள். முடிச்சு நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

கீழே கணுக்கால் தெரிய இரண்டு சிறு மடிப்பு. தரையில் புரளவிட ஆசையென்றால் உயரமான அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டும். வெறும் தட்டைச் செருப்போடு புரளவிட்டால் கால் இருப்பதே தெரியாது.

பேண்ட் போட்ட பெண்ணைப் பார்த்து இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பாரிஸில் 1800-ல் போட்ட ஓர் உத்தரவுப்படி, ஆண்களின் உடை அணிய விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பின்னால், கையில் சைக்கிளின் பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பேண்ட் அணியலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அந்த உத்தரவு செல்லாது என்று அரசு தரப்பில் வெளிப்படையாகச் சொன்னது 2013-ல்தான். இதை ஒரு வீடியோவின் தொடக்கமாகவே வைக்கலாம், சைக்கிள் ஒன்று கிடைத்தால்.

டீ-ஷர்ட்டுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. விளிம்பை உள்பக்கம் ஒரு முறை மடித்து, மேல் உள்ளாடைப் பட்டிக்கு அடியில் செருகிவிட்டால் குட்டை மேலாடையாகிவிடும். தடித்த துணி பெட்டி போல நிற்கும், அதை முழுதாக விட்டுவிட்டு ஒட்டிய ஸ்கர்ட்டோ லெகிங்ஸோ போடுங்கள். மெல்லியது என்றால் பக்கத்தில் முடிச்சு.

படமெடுக்கும்போது

மொபைலைக் கையை நீட்டி உயரத்தில் பிடித்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். மொபைலின் வழக்கமான லென்ஸ் அகலமாகப் பார்ப்பது, அருகில் இருப்பதைப் பெரிதாக்கிவிடும். பெரிய சட்டைக்கு இது கெடுதல் மேல் கெடுதல். டிரைபாடில் வைத்து, இடுப்பு உயரத்துக்கு இறக்கி, பத்தடியாவது பின்னால் போய், 2 மடங்கு ஜூமில் எடுங்கள். டிரைபாட் இல்லையென்றால் புத்தக அடுக்கு போதும்.

வெளிச்சம் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஜன்னல் உங்கள் இடமோ வலமோ இருக்கட்டும். ரிங் லைட்டை முகத்துக்கு நேரே வைப்பது அழகுக்குறிப்பு வீடியோவுக்குச் சரி. உடைக்கு அது எதிரி, மடிப்புகளின் நிழலைத் துடைத்துவிட்டு சட்டையை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். அதையும் ஓரமாக நகர்த்தி வையுங்கள்.

வெள்ளைச் சட்டை திரையை நிறைத்தால் கேமரா தானாக இருட்டாக்கும், முகம் மங்கும். திரையில் முகத்தைத் தொட்டால் சட்டை வெளுத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில், கழுத்துப் பக்கம் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, சட்டையின் மடிப்புகள் தெரியும்வரை கொஞ்சம் குறையுங்கள். கறுப்புக் கோட்டுக்கு எதிர்த்திசை, கொஞ்சம் கூட்டுங்கள்.

பெரிய உடை அசைந்தால்தான் அழகு. நின்றுகொண்டு புன்னகைப்பதை விட, நடந்து வந்து திரும்புவதை நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து 30 ஃபிரேம் வீடியோவில் பாதி வேகமாக்குங்கள். துணி உடலைத் தொட்டு விலகும் அந்த நொடியில் பார்ப்பவருக்கு உள்ளிருக்கும் உருவம் தெரிந்துவிடும். "முன்பு, பின்பு" மாற்றம் காட்டுவதானால் தரையில் கால் வைக்கும் இடத்தில் டேப் ஒட்டி, டிரைபாடைத் தொடாமல், ஒரே கை அசைவின் நடுவில் வெட்டி ஒட்டுங்கள். செங்குத்து வீடியோவுக்கு 1080-க்கு 1920 அளவு. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள், எழுத்தும் பொத்தான்களும் அங்கேதான் வந்து உட்காரும்.

கேப்ஷனில் உங்கள் உயரத்தையும் சட்டையின் அளவையும் எழுதுங்கள். பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். "உடல் குறையை மறைக்கலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள், ஒல்லியோ பருமனோ இதில் மறைக்க ஒன்றுமில்லை. சட்டைக்காரரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் முன்

கறையில் முக்கால்வாசி காலரில்தான் வரும், அதுவும் முகப்பூச்சு. முகத்துக்கு மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டு சட்டையை மாட்டுவதும் கழற்றுவதும் நல்லது. பட்டன் சட்டை என்றால் உடுத்திய பிறகே உதட்டுச்சாயம். அப்படியும் பட்டுவிட்டால், தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுக் கொஞ்ச நேரம் வைத்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். எண்ணெய் கலந்த கறை அதற்குத்தான் கட்டுப்படும். கறை போவதற்கு முன் இஸ்திரி போட்டால் சூட்டில் அது துணியோடு தங்கிவிடும்.

கழுத்தின் உள்பக்கம் இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். தொட்டி போன்ற குறியின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் தண்ணீரில் துவைக்கக் கூடாது. வெறும் வட்டம் உலர்சலவையைக் குறிக்கும். கம்பளிக் கோட்டை ஒரு முறை போட்டதற்காகத் துவைக்க வேண்டாம், அகலமான ஹேங்கரில் ஓர் இரவு காற்றாட விட்டு மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊக்கு குத்த வேண்டியிருந்தால் தையலின் மேல் மட்டும் குத்துங்கள். மெல்லிய பட்டிலும் சாட்டினிலும் துளை அப்படியே நின்றுவிடும்.

முடிச்சுப் போட்ட இடத்திலும் ரப்பர் போட்ட இடத்திலும் நீராவி காட்டி இஸ்திரி போட்டு, பட்டன்களைப் போட்டு மடித்துக் கொடுங்கள். அதற்கு முன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை. ஊக்கு அண்ணனின் விரலில் ஏறியது. அதற்கு அடுத்த மாதம் முழுவதும் டீ-ஷர்ட் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது.